தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி

பட்டர் டப்பாவுக்குப் பின்னால்
மிளகாய்த்தூள் போத்தலுக்கு முன்னால்
ஊசிமருந்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.
ஆரும் கண்டால்
இன்சுலின் என்று சொல்ல
இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தாயிற்று.
நீரிழிவு எங்கள் ஊரில்
மரியாதையான வியாதி.

இரவு எட்டு மணிக்கு வதனன்
என் வயிற்றைக் கிள்ளிப் பிடிக்கிறான்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
நேற்று வலம், இன்று இடம்.
அவனுக்குத்தான் கை நடுங்கும்.
ஒன்பதாம் நாள்
நிலத்தில் விழுந்து கன்றிய
கறுத்தக்கொழும்பான் தோல்
என் வயிறு.

குறை என்னிடம் இல்லை.
அதை ஊருக்குச் சொல்லவேண்டாம் என்று
அவனிடம் சொன்னவள் நான்தான்.
சில நாட்களில் அது கசக்கிறது.
சொன்னேன்தானே, கசக்கட்டும்.

"போத்திலுக்கை வச்சு வளர்ப்பினமாம்."
"கொழும்பில ஆற்றையோ மாறிப் போடுவினமாம்,
முகம் வந்தாப் பிறகுதான் தெரியுமாம்."
"அதுகளுக்கு எந்த நேரத்தை வச்சுச்
சாதகம் எழுதுறது?"
ஆசிரியர் அறையில்
தவநாயகி ரீச்சர் பேத்திக்குப் பல்லு முளைத்த
கொழுக்கட்டைத் தட்டு
மேசை மேசையாய் நின்று வந்தது.
என் மேசையில் மட்டும்
அதற்கு அவசரம்.

பத்தாம் தரம், ஏழாம் பாடம், கருக்கட்டல்.
பன்னிரண்டு வருடமாய் வரைகிற சூலகம்,
கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன்.
போன மாதம் என்னுடையதை
ஸ்கான் திரையில் காட்டினார்கள்.
அன்ரனா விழுந்த ரிவி மாதிரி இருந்தது.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசி வாங்கில் பிரவின்சன் எழும்பினான்.
"ரீச்சர், குழாயில பிறக்கிற பிள்ளைக்குத்
தொப்புள் இருக்குமோ?"

வகுப்பே சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.
ஆறு வருடத்தில் என்னைச் சுற்றி வந்த
அத்தனை கேள்விகளிலும்
பதில் தேவைப்பட்ட கேள்வி இது ஒன்றுதான்.

இருக்கும், என்றேன்.
கண்ணாடித் தட்டில் ஐந்து நாள்.
பிறகு எல்லாரையும் போல
ஒரு தாயின் இருட்டுக்குள்தான்.
கொடி இருக்கும், முடிச்சு இருக்கும்,
உன்னுடையது மாதிரியே
அழுக்குச் சேரும்.
திரும்பவும் சிரித்தார்கள்.
சேலைக்கு மேலால் என் கை
நீலத்தைத் தொட்டபடி நின்றது.

சனிக்கிழமை கரண்ட் போனது.
மூன்று மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு மருந்தைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துச்
சுன்னாகம் சந்தைக்கு ஸ்கூட்டியை விட்டேன்.
குருநகரிலிருந்து வரும் அலோசியஸ் அண்ணை
விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தார்.
ஐஸ் வேணும்.
"எந்த மீனுக்கு?"
மருந்துக்கு.

கத்தியை வைத்தார்.
கையை இரண்டு தரம் கழுவினார்.
பெட்டியின் அடியில்
மீன் படாத பக்கமாய்ப் பார்த்து உடைத்தார்.
"நேர ஐஸில முட்டக்கூடாது பிள்ளை,
துணி சுத்தி வையுங்கோ.
என்ர மனுசிக்கும் இப்பிடித்தான் கொண்டு திரிஞ்சனான்."

பிறகு?
நான் கேட்கவில்லை.
அவர் சொல்லவில்லை.
காசும் வாங்கவில்லை.

இரவு பஸ், கொழும்பு, விடியற்காலை,
திரும்பவும் இரவு பஸ்.
பள்ளங்களில் எல்லாம் வதனன்
என் இடுப்புக்குக் கீழ்
தன் கையை வைத்துக்கொண்டு வந்தான்.
பதினான்காம் நாள் இடைவேளையில்
தொலைபேசி வந்தது.
இல்லை, என்றாள் ஒரு பெண்,
நல்ல தமிழில்.

மணி அடித்தது.
கொப்பிகள் திருத்தக் கிடந்தன.
பிரவின்சன்
வட்டத் தட்டொன்றுக்குள்
ஒரு குழந்தையை வரைந்திருந்தான்.
தட்டுக்குள் குழந்தை வராது,
அது பிழை.
வயிற்றின் நடுவில்
ஐம்பது ரூபாய்ப் பூரியைப் போல் ஒரு தொப்புள்.
அதற்கு முழுப் புள்ளி போட்டேன்.

இன்னும் இரண்டு
கொழும்பில் உறைந்து கிடக்கின்றன.
அங்கே கரண்ட் போகாதாம்.